‘பாரோ’ எங்கே, ‘லெண்ட்’ எங்கே? இரவல் கொடுத்த ஆறு அண்டாக்களும் ஒரு கடிதமும்

சாட்ஸ்வொர்த் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் ‘பாரோ’, ‘லெண்ட்’ என்னும் இரண்டு சொற்களில் எதை எங்கே எழுதுவது என்பதில் எனக்கு நெடுநாளாக இருந்துவந்த தடுமாற்றம், சென்ற புரட்டாசியில் எங்கள் கோயிலுக்கே தலைவலியாக முடிந்துவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். எங்கள் வீட்டருகே உள்ள கோயிலின் சமையற்கூடப் பாத்திரங்களுக்கான இருப்புப் புத்தகம் என் பொறுப்பில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பல கோயில்களிலும் ஒரே நாளில் அன்னதானம் நடப்பதால், ஒரு கோயிலின் அண்டாக்கள் இன்னொரு கோயிலுக்குப் போய்வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அப்படி வேறோர் ஊர்க் கோயிலுக்கு ஆறு பெரிய அண்டாக்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அவர்களுடைய செயலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘ஆறு அண்டாக்களை இரவல் கொடுத்திருக்கிறோம்; மாதம் முடிந்ததும் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யவேண்டும்’ என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. ஆனால் ‘கொடுத்திருக்கிறோம்’ என்ற இடத்தில் ‘பாரோட்’ என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த செயலாளர், நாங்கள் அவர்களிடம் ஆறு அண்டாக்கள் வாங்கியிருப்பதாகப் புரிந்துகொண்டு, தம்முடைய பாத்திர அறையில் எண்ணிப் பார்த்து, ‘எங்கள் பாத்திரம் எதுவும் வெளியே போகவில்லை’ என்று பதில் அனுப்பினார். வண்டி வந்தபோது அவர் அங்கே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து இரண்டு கோயிலாரும் நேரில் நின்று, அண்டாக்களைக் கவிழ்த்து, விளிம்பில் வெட்டியிருந்த எங்கள் கோயில் பெயரை விரலால் தடவிக் காட்டிய பிறகே அவை வீடு திரும்பின.

அகராதியைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கும் ‘கடன்’, ‘இரவல்’ என்றே பொருள் தொடங்குகிறது. பள்ளியில் படிக்கும் என் மகனோ தோழர்களிடம் ‘பாரோ மீ யுவர் பென்’ என்றுதான் பேனா கேட்கிறான். அக்கம்பக்கத்தில் பெரியவர்களும் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். எது சரி என்பதோடு, எதனால் சரி என்பதையும் யாராவது விளக்கினால், அடுத்த கடிதம் எழுதும்போது என் கை தடுமாறாது.

பீனிக்ஸ் ஆசிரியர் எழுதிய மறுமொழி:

அம்மா, வணக்கம். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்த தடுமாற்றத்தை என் வகுப்பில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அதற்குத் தமிழிலேயே தெளிவான மருந்து இருக்கிறது.

அகராதி ‘கடன்’ என்ற பெயர்ச்சொல்லில் தொடங்குவதால் நம் கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தமிழில் பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டுவது கடன் என்ற சொல் அன்று. அதன் பின்னால் வரும் வினைதான். கடன் வாங்கினேன், கடன் கொடுத்தேன். இரவல் வாங்கினேன், இரவல் கொடுத்தேன். ஆங்கிலம் இந்தப் பெயரையும் வினையையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. ‘பாரோ’ என்றாலே அதற்குள் ‘வாங்கு’ இருக்கிறது. ‘லெண்ட்’ என்றாலே அதற்குள் ‘கொடு’ இருக்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தேடும்போது கடனை மறந்துவிட்டு, வாங்குகிறேனா கொடுக்கிறேனா என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அண்டாக்கள் உங்கள் அறையிலிருந்து வெளியே போயின, நீங்கள் கொடுத்தவர், எனவே நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘லெண்ட்’ என்பதன் இறந்தகால வடிவம். அந்தச் செயலாளர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் ‘பாரோட்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே அண்டா, ஒரே நாள். யார் பக்கத்திலிருந்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

இதற்கடுத்து நம்மவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பேச்சுத் தமிழில் ‘அவர்கிட்ட வாங்கினேன்’ என்றும் சொல்கிறோம், ‘அவர்கிட்ட கொடுத்தேன்’ என்றும் சொல்கிறோம். ‘கிட்ட’ என்பதும் எழுத்தில் வரும் ‘இடம்’ என்பதும் இரண்டு திசைக்கும் உதவுகின்றன. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டு’, ‘ஃப்ரம்’ ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அது போதாது. ‘பாரோ’ என்ற வினை ‘ஃப்ரம்’ என்பதோடுதான் சேரும்: ‘ஐ பாரோட் தி பாட்ஸ் ஃப்ரம் தி டெம்பிள்’. ‘லெண்ட்’ என்ற வினை ‘டு’ என்பதோடு சேரும். அல்லது பெறுபவரை நேரே பக்கத்தில் வைத்துக்கொள்ளும்: ‘லெண்ட் தி பென் டு மீ’, ‘லெண்ட் மீ தி பென்’. மனத்தில் தமிழ் வாக்கியம் ஓடும்போது ‘இடம்’ என்பதை விட்டுவிட்டு, வாங்கும்போது ‘அவரிடமிருந்து’ என்றும் கொடுக்கும்போது ‘அவருக்கு’ என்றும் நினைக்கப் பழகினால், ‘ஃப்ரம்’ என்பதும் ‘டு’ என்பதும் தாமாக வந்து நிற்கும்.

உங்கள் மகன் சொல்லும் ‘பாரோ மீ’ என்பதில் உள்ள சிக்கலும் இதுவே. ‘பாரோ’ என்ற வினைக்குப் பக்கத்தில் நேரே எது நிற்கிறதோ, அதுதான் இரவல் வாங்கப்படும் பொருள். ‘பாரோ எ பென்’ என்றால் பேனா வாங்கப்படுகிறது. ‘பாரோ மீ’ என்றால் இலக்கணப்படி அந்தப் பையனே இரவல் போகிறான். அவன் கேட்க வேண்டியது ‘லெண்ட் மீ யுவர் பென்’ அல்லது ‘மே ஐ பாரோ யுவர் பென்’. முதலாவதில் வினை செய்பவன் தோழன், அவன் கொடுக்கிறான். இரண்டாவதில் வினை செய்பவன் உங்கள் மகன், அவன் வாங்குகிறான். இரண்டும் சரி, இரண்டும் ஒரே பேனாவைத்தான் பெற்றுத் தரும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பக்கத்து வீட்டில் ஏணி வாங்கிக் கொடு’ என்று ஒரு தாய் மகனிடம் சொன்னால், அதில் வாங்குவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது. ஆனால் மகனுடைய வேலை பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்குவதுதான்; தாயிடம் கொடுப்பது அதன் முடிவு. ஆகவே அங்கே ‘பாரோ இட் ஃபார் மீ’ என்பதே பொருந்தும். ‘மீ’ என்பதற்கு முன்னால் ‘ஃபார்’ நிற்பதைக் கவனியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர் எழுதிய மறுமொழி:

ஆசிரியர் ஐயா சொன்ன விளக்கம் முழுக்கச் சரி. ஆனாலும் ‘பாரோ மீ’ என்ற பேச்சைக் குழந்தையின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகள் எந்த மொழிகளின் நடுவில் வளர்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும்.

ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘லியன்’ என்ற ஒரே வினை இரண்டு திசைக்கும் போகும். ‘கான் எக் யோ பென் லியன்’ என்றால் உன் பேனாவை நான் வாங்கிக்கொள்ளலாமா என்று பொருள். ‘லியன் மை யோ பென்’ என்றால் உன் பேனாவை எனக்குக் கொடு என்று பொருள். வினை மாறவில்லை. எழுத்தில் தெளிவு வேண்டும்போது, வாங்குவதற்கு ‘ஃபான்’ என்பதையும் கொடுப்பதற்கு ‘ஆன்’ என்பதையும் சேர்த்து எழுதுவார்கள். அவை ஆங்கிலத்தின் ‘ஃப்ரம்’, ‘டு’ போன்றவை. ஜூலு மொழியிலும் ‘பொலேகா’ என்ற வினை இரண்டு பக்கமும் வரும்: ‘ங்கிபொலேகே இமாலி’ என்று கேட்பவர் பணம் கொடு என்கிறார், ‘ங்கிச்செலா உகுபொலேகா இமாலி’ என்பவர் பணம் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்கிறார். (ஜூலுவில் நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் அந்த ஒலியைத் தமிழ் எழுத்தால் காட்ட முடியவில்லை; பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஐரோப்பாவிலும் இதே நிலை உண்டு. ஜெர்மன் மொழியில் ‘போர்கன்’, ‘லைகன்’ என்று இரண்டு வினைகள் இருந்தும், இரண்டுமே இரண்டு திசைக்கும் ஆளப்படுகின்றன. அந்தப் ‘போர்கன்’ ஆங்கிலப் ‘பாரோ’வின் உறவு, ஆஃப்ரிகான்ஸ் ‘லியன்’ ஆங்கில ‘லெண்ட்’டின் உறவு. உறவுக்காரச் சொற்கள் இரட்டைத் திசையில் போகும்போது, ஆங்கிலம்தான் ஒவ்வொன்றையும் ஒரு திசைக்கென ஒதுக்கிக்கொண்டது.

ஆகவே பள்ளி மைதானத்தில் ‘பாரோ மீ’ என்று கேட்கிற பிள்ளை, தன்னைச் சுற்றிலும் ஒரே வினை இரண்டு வேலை செய்வதைக் கேட்டு, அதே நியாயத்தை ஆங்கிலத்துக்கும் பொருத்துகிறது. அந்தப் பேச்சை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. கை நீட்டியிருப்பதே திசையைச் சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளிலும் கடிதத்திலும் கை நீட்டிக் காட்ட முடியாது. அங்கே சொல்லே திசையைச் சொல்லியாக வேண்டும் என்பதை மகனுக்கு விளக்கினால் போதும் என்பது என் கருத்து. பேசும்போதெல்லாம் இடைமறித்துத் திருத்தினால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

தமிழுக்குத் திசையைப் பற்றிய உணர்வு மிகப் பழையது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். தருதல், வருதல் என்பவை பேசுபவரையும் கேட்பவரையும் நோக்கி வருவன என்றும், செல்லுதல், கொடுத்தல் என்பவை மூன்றாமவரை நோக்கிப் போவன என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’ என்று இன்றும் நம் காதுக்கு அது இயல்பாகப் படுகிறது. ‘லெண்ட்’ அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. எனக்குத் தந்தாலும் அவனுக்குக் கொடுத்தாலும் அது ஒன்றே. அந்த அளவில் ஆங்கிலம் தமிழைவிட எளிது.

டர்பன் கணக்காளர் எழுதிய மறுமொழி:

நான் கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்பவள். பணத்தைப் பற்றி எழுதும்போது வரும் சில இடங்களை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அண்டா தவறிப்போனால் திரும்பி வரும்; கடன் பத்திரத்தில் பெயர் மாறிவிழுந்தால் அவ்வளவு எளிதில் மீளமுடியாது.

கொடுப்பவர் ‘லெண்டர்’, வாங்குபவர் ‘பாரோயர்’. ‘லோன்’ என்பது அடிப்படையில் கொடுக்கப்பட்ட தொகையின் பெயர். அதையே வினையாக்கி ‘ஹீ லோன்ட் மீ மணி’ என்று எழுதுவது அமெரிக்காவில் பரவலாக உண்டு. இங்கே அலுவலக எழுத்தில் ‘லெண்ட்’ என்பதையே விரும்புகிறார்கள். உதவிக்கரம் நீட்டுவதைச் சொல்லும் ‘லெண்ட் எ ஹேண்ட்’ போன்ற தொடர்களில் எந்த நாட்டிலும் ‘லோன்’ வராது.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டம் இந்த இரண்டு பெயர்களையும் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, கொடுப்பவரைக் ‘கிரெடிட் புரொவைடர்’ என்றும் வாங்குபவரைக் ‘கன்ஸ்யூமர்’ என்றும் அழைக்கிறது. ஒப்பந்தத்தில் நுகர்வோர் என்று இருப்பது கடன் வாங்கிய நீங்கள்தான் என்பதைப் பலர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கடனை நாம் ‘பாண்ட்’ என்கிறோம் அல்லவா, அதன் பத்திரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘மார்ட்கேஜர்’ என்று ஒலிப்பதால் அது வங்கி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நீங்கள். வீட்டை ஈடாகக் கொடுப்பவர் நீங்கள்தானே. ஈட்டைப் பெற்றுக்கொள்ளும் வங்கி ‘மார்ட்கேஜீ’. பணத்தில் வங்கி கொடுப்பவர், ஈட்டில் நீங்கள் கொடுப்பவர். எந்தப் பொருள் கைமாறுகிறது என்று கேட்டால்தான் யார் கொடுப்பவர் என்பது விளங்கும்.

வாடகையில் ஆங்கிலமே இரட்டைத் திசையாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ‘ஐ ரென்ட் எ ஃபிளாட்’ என்று ஒருவர் சொன்னால், அவர் குடியிருப்பவர் என்றே பெரும்பாலும் கொள்வோம். ஆனால் வீட்டுக்காரரும் அதே வினையைச் சொல்லலாம். தமிழில் வாடகைக்கு எடுத்தேன், வாடகைக்கு விட்டேன் என்று ஐயமே எழாது. அதனால்தான் வீட்டுக்காரர்கள் வாயிலில் ‘டு லெட்’ என்று பலகை வைக்கிறார்கள். ‘லெட்’ விடுபவருக்கு மட்டும் உரியது. கோயில் மண்டபத்தைத் திருமணங்களுக்கு விடும்போது ‘வீ ஹயர் தி ஹால்’ என்று எழுதாமல், ‘வீ ஹயர் அவுட் தி ஹால்’ என்று எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கு ‘லெண்ட்’ வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டிக்குக் கொடுக்கும் பணம் மட்டும் அதற்கு விலக்கு.

சாட்ஸ்வொர்த் வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘கிட்ட’ என்ற சொல்லைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது, என் பழைய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். சரியாக அதையேதான் செய்திருக்கிறேன்: ‘பாரோட்’ என்று எழுதி, பக்கத்தில் ‘டு’ என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ‘டு’வைப் பார்த்தாவது நான் கொடுத்ததாகச் செயலாளர் ஊகித்திருக்கலாம் என்று முன்பு மனத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்கள் இரண்டு திசையைக் காட்டினால் படிப்பவர் எதை நம்புவார் என்று இப்போது புரிகிறது.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கினால் அது கைமாற்று. அந்த அரிசியைத் திருப்பித் தருவதில்லை, வேறு அரிசியை அளந்து தருகிறோம். அண்டா வாங்கினால் அது இரவல். அந்த அண்டாவேதான் திரும்பவேண்டும். பணமானால் கடன். இவற்றுக்கு ஆங்கிலத்தில் வெவ்வேறு சொல் உண்டா? இரண்டாவது, ‘லெண்ட்’ என்பதன் இறந்தகால வடிவம் காதில் எனக்கு நிகழ்காலத்தைப் போலவே விழுகிறது. அதை எப்படிப் பிரித்தறிவது?

பீனிக்ஸ் ஆசிரியர் எழுதிய மறுமொழி:

முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் அன்றாட ஆங்கிலத்தில் ‘பாரோ’ ஒன்றுதான். சர்க்கரையும் பாரோ, ஏணியும் பாரோ, வீட்டுக்கடனும் பாரோ. திருப்ப வேண்டியது அதே பொருளா, அதே அளவா என்பதைச் சூழலை வைத்துத்தான் உணரவேண்டும். பொருளின் தன்மையைப் பெயரிலும் திசையை வினையிலும் தனித்தனியே காட்டும் வசதி தமிழில் இருக்கிறது. ஆங்கிலம் திசையை மட்டும் பிடித்துக்கொண்டு, பொருளின் தன்மையை விட்டுவிட்டது. ஆகவே உங்கள் அண்டாக் கடிதத்தில், அதே அண்டாக்கள் திரும்பவேண்டும் என்பதைத் தனி வாக்கியமாக எழுதிவிடுங்கள். விளிம்பில் பெயர் வெட்டியிருப்பதையும் அதில் குறிப்பிடலாம்.

கடனைப் பற்றி இன்னொன்று. நாம் காலைக்கடன், நன்றிக்கடன் என்று சொல்லும்போது அது பணமன்று, செய்யவேண்டிய கடமை. ஆங்கிலத்திலும் இதே உறவு மறைந்து கிடக்கிறது. கடன்பட்டிருப்பதைச் சொல்லும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம்தான், ‘செய்யவேண்டும்’ என்னும் பொருளில் இன்று வழங்கும் ‘ஆட்’. இதை முதன்முதலாக வகுப்பில் சொன்ன நாளில், கடன், கடமை என்று கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது ஐயம் தமிழ்க் காதுக்கு இயல்பானது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் டகரத்தை நாம் எப்போதும் மென்மையாகவே ஒலிக்கிறோம். வண்டி, நண்டு என்பவற்றைச் சொல்லிப் பாருங்கள். அதனால் இரண்டு வடிவமும் நம் எழுத்திலும் ஒன்றாகிவிடுகின்றன, வாயிலும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கில அரிச்சுவடியின் நான்காம் எழுத்தில் முடிந்தால் அது நிகழ்காலம்; வண்டியின் டகரத்தைப் போல ஒலிக்கவேண்டும். இருபதாம் எழுத்தில் முடிந்தால் அது இறந்தகாலம். ‘பட்டு’ என்பதில் வருவதைப் போல வல்லினமாக, சட்டென்று நிறுத்தவேண்டும். அந்த முடிவு மென்மையாக இருக்கும்போது, அதற்கு முன்னுள்ள பகுதியும் சற்றே நீண்டு ஒலிக்கும். வியப்பு என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் அந்த வினையின் இறுதியில் டகரமே இல்லை. இறந்தகால வடிவத்திலிருந்த டகரம் பிற்காலத்தில் நிகழ்காலத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆஃப்ரிகான்ஸ் ‘லியன்’ அந்த டகரம் இல்லாமல் இன்றும் இருப்பதை நண்பர் எழுதியதிலேயே பார்க்கலாம்.

உங்கள் இருப்புப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்புறத்தில் ‘லெண்ட்’டின் இறந்தகால வடிவத்தோடு ‘டு’ என்றும், வலப்புறத்தில் ‘பாரோட்’ என்பதோடு ‘ஃப்ரம்’ என்றும் தலைப்பு எழுதி வையுங்கள். கடிதம் எழுதும்போது அந்தத் தலைப்பை அப்படியே பார்த்து எழுதலாம்.

சாட்ஸ்வொர்த் வாசகி எழுதியது:

கோடிட்டுவிட்டேன், ஐயா. இடப்புறத்தின் முதல் வரியில் அந்த ஆறு அண்டாக்களையே மறுபடி எழுதி, திரும்பி வந்த தேதியையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு நான்கு அண்டா வேண்டுமென்று அதே கோயிலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கடிதத்தை இன்று மாலை எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன்னால் இங்கே போட்டால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.